புதுக் கட்சி தொடங்கலாம், தலைவர் யார் என்பது அப்புறம்

பெருந்துறைப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "விவசாயிகள், விசைத்தறிக்காரர்கள், சிறு பட்டறை நடத்துகிறவர்கள் என முப்பது பேர் சேர்ந்திருக்கிறோம். வரியும் அதிகாரிகள் கெடுபிடியும் குறைய வேண்டும், கோயில், குடும்ப வழக்கங்களுக்கு மரியாதை வேண்டும். இப்படி ஒரு மைய வலதுசாரிக் கட்சியை எப்படிப் பதிவு செய்வது? யாரைத் தலைவராக்குவது?"

பதிவு விஷயம் சுருக்கமானது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 29ஏ பிரிவின்படி, கட்சி தொடங்கிய 30 நாளுக்குள் தேர்தல் ஆணையத்துக்கு மனு போக வேண்டும். கட்டணம் 10,000 ரூபாய். முப்பது பேர் போதாது; வாக்காளர் பட்டியலில் உள்ள 100 பேராவது வேண்டும். வேறு எந்தப் பதிவுபெற்ற கட்சியிலும் இல்லை என்று ஒவ்வொருவரும் பிரமாணப் பத்திரம் தர வேண்டும். சிக்கல் இங்கேதான். ஏதாவது ஒரு கட்சியின் பழைய உறுப்பினர் அட்டை இல்லாத வீடு நம் ஊரில் எங்கே இருக்கிறது? முதலில் விலகல் கடிதம் கொடுக்கச் சொல்லுங்கள். காகிதமெல்லாம் தயாரான பிறகு மேடை போடுங்கள்.

அப்புறம் பைலா, அதாவது கட்சியின் அமைப்பு விதிகள். சோசலிசம், மதச்சார்பின்மை, ஜனநாயகம் ஆகிய கொள்கைகளுக்கு உண்மையாக இருப்போம் என்று அதில் எழுதியே தீர வேண்டும். வலதுசாரிக் கட்சிக்குச் சோசலிசமா என்று உங்கள் ஆட்கள் முறைப்பார்கள். 1989-ல் அமலுக்கு வந்த விதி இது. அரசுக் கட்டுப்பாடுகளை எதிர்த்து ராஜாஜி 1959-ல் சுதந்திராக் கட்சி தொடங்கியபோது இந்த விதி இல்லை. இருந்திருந்தால் அவர் சம்மதித்திருப்பாரா என்பது சந்தேகமே. பா.ஜ.க.வின் அமைப்பு விதிகளிலும் அந்த வரி இருக்கிறது. எழுதிவிட்டு, வரிக் குறைப்பைத் தேர்தல் அறிக்கையில் பேசிக்கொள்ளுங்கள்.

தலைவர் விஷயத்துக்கும் ராஜாஜியிடமே போகலாம். அவர் தலைவர் நாற்காலியில் உட்காரவில்லை. விவசாயிகள் தலைவரான என்.ஜி. ரங்காவை உட்கார வைத்தார். பணக்காரர்கள் கட்சி என்ற பேச்சுக்கு அது ஒரு பதில். 1967-ல் மக்களவையில் 44 இடங்கள் கிடைத்தன. ஆனாலும் ராஜாஜி 1972-ல் மறைந்தார், 1974-ல் கட்சி வேறொன்றில் கலந்துவிட்டது. இங்கே கோவை வையம்பாளையம் நாராயணசாமி நாயுடு கதையும் அதுதான். விவசாயிகள் சங்கத் தலைவராக மின் கட்டணப் போராட்டத்தில் அரசையே அசைத்தவர், 1982-ல் கட்சி தொடங்கினார், 1984-ல் மறைந்தார். சங்கத்துக்கு இருந்த பலம் கட்சிக்கு வரவே இல்லை.

ஆகவே யார் தலைவர் என்பதைவிட, அவரை எப்படித் தேர்ந்தெடுப்பது, எப்படி நீக்குவது என்று எழுதுங்கள். நிர்வாகிகளுக்கு ஐந்து ஆண்டுக்குள் உட்கட்சித் தேர்தல் கட்டாயம். மூன்று ஆண்டு என்று வைத்தால் நல்லது. பொதுக்குழுவைக் கூட்டும் அதிகாரம் தலைவரிடம் மட்டும் இருக்கக் கூடாது; உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கினர் கேட்டாலும் கூட வேண்டும். வங்கிக் கணக்கில் பொருளாளர் கையெழுத்தும் இருக்கட்டும். பணம் போட்டவரே தலைவர் என்று ஆரம்பித்தால் அது கட்சி இல்லை, கம்பெனி. அங்காளி பங்காளியை மட்டும் பொறுப்பில் வைத்தால் சாதிச் சங்கம் என்றுதான் பேர் வரும். அருந்ததியர், தேவாங்கர், நாடார் எனத் தொகுதியில் இருக்கும் எல்லாரும் முதல் பட்டியலிலேயே இருக்க வேண்டும்.

கடைசியாகச் சின்னம். கூட்டணிக் கட்சியின் சின்னத்தில் நிற்பது வசதிதான். கொங்குநாடு மக்கள் தேசியக் கட்சியின் ஈஸ்வரன் 2021-ல் திருச்செங்கோட்டில் உதயசூரியனில் நின்று ஜெயித்தார். ஆனால் அப்படி ஜெயித்தவர் சட்டப்படி சின்னம் கொடுத்த கட்சியின் உறுப்பினர், கொறடா உத்தரவும் அவர்களுடையது. உங்கள் கட்சி பெயரில் யாரும் நிற்கவில்லை என்றும் ஆகிவிடும். ஆறு ஆண்டுகள் போட்டியிடாத நூற்றுக்கணக்கான கட்சிகளை 2025-ல் ஆணையம் பட்டியலிலிருந்து நீக்கியது.

சொந்தமாக நிற்பதானால், சட்டமன்ற இடங்களில் 5 சதவீதத்தில், அதாவது தமிழ்நாட்டில் 12 தொகுதிகளில் வேட்பாளர் நிறுத்துவதாகச் சொல்லிப் பொதுச் சின்னம், அதாவது உங்கள் வேட்பாளர்கள் எல்லாருக்கும் ஒரே சின்னம் கேட்கலாம். சட்டமன்றக் காலம் முடிய ஆறு மாதம் இருக்கும்போதே மனு வாங்கத் தொடங்குவார்கள், முந்தியவருக்கே முன்னுரிமை. 2024-ல் நாம் தமிழர் கட்சி கரும்பு விவசாயிச் சின்னத்தை இழந்தது இப்படித்தான். தணிக்கை செய்த கணக்கும் கேட்பார்கள், முதல் ஆண்டிலிருந்தே ஓர் ஆடிட்டரைப் பிடித்து வையுங்கள்.