இருபதாயிரம் ரூபாயில் கார் ஆடியோ: முதல் செலவு முன்கதவுக்கு

கேள்வி: செகண்ட் ஹேண்ட் ஸ்விஃப்ட் வாங்கியிருக்கிறேன். ஸ்டீரியோவில் சத்தத்தைக் கூட்டினால் பாட்டு இரைகிறது. பட்ஜெட் 20,000 ரூபாய். பின்னால் ஓவல் ஸ்பீக்கரும் டிக்கியில் பேஸ் டியூபும் போடச் சொல்கிறார் கடைக்காரர். போடலாமா?

பதில்: வேண்டாம். பின்னால் ஸ்பீக்கர் போட்டால் பாடுபவரின் குரல் உங்கள் முதுகுப் பக்கமிருந்து வரும். இந்தப் பணம் முழுவதும் முன்கதவுகளுக்குத்தான் போக வேண்டும்.

ஸ்டீரியோவில் 50×4 வாட் என்று போட்டிருப்பது உச்ச அளவு. தொடர்ந்து தரக்கூடியது சேனலுக்கு, அதாவது ஒரு ஸ்பீக்கர் லைனுக்கு, 15 முதல் 20 வாட்தான். அதைத் தாண்டிக் கேட்டால் ஒலி அலையின் தலை வெட்டுப்படும்; இரைச்சல் பெரும்பாலும் அங்கேதான் பிறக்கிறது.

நானாக இருந்தால் பணத்தை இப்படிப் பிரிப்பேன்: ஆறரை அங்குல காம்பொனென்ட் ஸ்பீக்கர் செட்டுக்கு (பெரிய ஸ்பீக்கரும் ட்வீட்டரும் தனித்தனியாக வருவது) 6,000, நான்கு சேனல் ஆம்ப்ளிஃபயருக்கு (ஆம்ப்) 7,000, கதவுத் தகட்டில் ஒட்டும் டாம்பிங் ஷீட்டுக்கு 3,000, வயர், ஃபியூஸுக்கு 2,500, மீதி கூலி. ஸ்டீரியோவை மாற்ற வேண்டாம். ஸ்பீக்கர் வயரையே நேராக வாங்கிக்கொள்ளும் ஹை லெவல் இன்புட் உள்ள ஆம்ப்பாகக் கேட்டு வாங்குங்கள். வயரை வெட்டாமல் கப்ளர் (செருகும் இணைப்பான்) போட்டு இணைக்கச் சொல்லுங்கள்.

டாம்பிங்கை வீண்செலவு என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு அதுதான் முதல் செலவு. கதவின் உள்தகட்டில் பெரிய பெரிய ஓட்டைகள் இருக்கும். ஸ்பீக்கரின் முன்பக்க அலையும் பின்பக்க அலையும் அவற்றின் வழியே கலந்து, பேஸை ஒன்றையொன்று அழித்துவிடும். ஓட்டைகளை மூடினாலே மிருதங்கத்தின் தொப்பி காதில் விழ ஆரம்பிக்கும். ஆனால் கதவின் அடியில் மழைத்தண்ணீர் வடியும் துளைகளை மட்டும் மூடவிடாதீர்கள், கதவு துருப்பிடித்துவிடும்.

வயரில் ஏமாறாதீர்கள். அலுமினியத்தின் மேல் செம்பு பூசியது சந்தையில் நிறைய. ஒரு இழையை பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் ஃபியூஸ் இருந்தே ஆக வேண்டும். வழியில் வயர் உரசி ஷார்ட் ஆனால் தீப்பிடிக்காமல் காப்பது அதுதான். எர்த் வயரை பெயின்ட் சுரண்டிய பாடித் தகட்டில் முறுக்குங்கள்.

சரி, டியூனிங். ஆம்ப்பில் உள்ள கெயின், வால்யூம் குமிழ் அல்ல. ஸ்டீரியோ தரும் சிக்னலுக்கு ஆம்ப்பைப் பொருத்துவது அதன் வேலை. முதலில் பேஸ் பூஸ்ட், லவுட்னெஸ், ஃபில்டர் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஸ்பீக்கர் வயரைக் கழற்றிவிடுங்கள். 50 ஹெர்ட்ஸ் டெஸ்ட் டோனைப் போட்டு, ஸ்டீரியோவை முக்கால் வால்யூமில் வைத்து, ஆம்ப்பின் அவுட்புட்டில் மல்டிமீட்டரை ஏசி வோல்ட் அளவில் வைத்துப் பாருங்கள். ஆம்ப் சேனலுக்கு 50 வாட், ஸ்பீக்கர் 4 ஓம் என்றால் பெருக்கினால் 200; அதன் வர்க்கமூலம் 14.1 வோல்ட். மீட்டர் அதைக் காட்டும் இடத்தில் கெயினை நிறுத்துங்கள். ஸ்பீக்கரின் ஆர்எம்எஸ் (தொடர்ந்து தாங்கும் வாட்) அந்த 50 வாட்டைவிடக் குறைவு என்றால் அந்தக் கணக்கில் நிறுத்துங்கள்.

அப்புறம் ஸ்பீக்கரை மாட்டி, ஆம்ப்பில் ஹை பாஸை (அடி ஒலியைத் தடுக்கும் ஃபில்டர்) 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். ஈக்வலைசரில் உறுத்தும் பட்டையைக் குறையுங்கள், மற்றதை ஏற்றாதீர்கள். 3 டெசிபெல் ஏற்றினாலே ஆம்ப் இரு மடங்கு வாட் தர வேண்டியிருக்கும். ஸ்டீரியோவில் டைம் அலைன்மென்ட் இருந்தால் இரு ஸ்பீக்கருக்கும் உங்கள் காதுக்குமான தூரத்தை அளந்து பாருங்கள். 34 சென்டிமீட்டர் வித்தியாசத்துக்கு ஒரு மில்லிசெகண்ட் வீதம், பக்கத்தில் இருக்கும் வலது ஸ்பீக்கரைத் தாமதப்படுத்தினால் குரல் டாஷ்போர்டின் நடுவுக்கு வந்து நிற்கும்.

இவ்வளவு செய்தும் பேஸ் மெலிந்திருந்தால் ஒரு பக்க ஸ்பீக்கரில் மட்டும் பிளஸ், மைனஸ் வயர் இடம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். ஆம்ப்பிலிருந்து கழற்றிய வயரில் ஒன்றரை வோல்ட் பேட்டரியைத் தொட்டால், பிளஸ் பிளஸ்ஸோடு சேரும்போது கோன் வெளியே தள்ளும்.

சப்வூஃபரை (அடி பேஸுக்கான பெரிய ஸ்பீக்கர்) பணம் சேர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். நான்கு சேனல் ஆம்ப் வாங்கச் சொன்னதே அதற்காகத்தான்: மீதி இரண்டு சேனலை பிரிட்ஜ் செய்து, அதாவது ஒன்றாக இணைத்து, சப்புக்குக் கொடுத்துவிடலாம். வாங்கும்போது 4 ஓம் சப்பாகப் பாருங்கள். பெரும்பாலான நான்கு சேனல் ஆம்ப்கள் பிரிட்ஜில் 2 ஓமைத் தாங்காது.