உயர்தரப் பாடத்தெரிவும் பல்கலைக்கழக அனுமதியும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எனது மகள் சாதாரண தரத்தில் நல்ல பெறுபேறு பெற்று, மருத்துவராக வேண்டும் என்ற எண்ணத்துடன் உயர்தர வகுப்புக்குச் செல்ல இருக்கிறாள். பௌதிகவியல் அவளுக்குச் சற்றுக் கடினம். அவள் படிக்கும் தனியார் கல்வி நிலையத்தில், அதற்குப் பதிலாக விவசாய விஞ்ஞானம் எடுத்தால் இலகுவில் ஏ சித்தி பெறலாம், இசட் புள்ளியும் உயரும், மருத்துவ பீடத்துக்கும் விண்ணப்பிக்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். இது சரியா?
— ஒரு தாய், கோண்டாவில்

பதில்: சரியல்ல, அம்மா. மருத்துவம், பல் மருத்துவம், மிருக வைத்தியம் ஆகிய மூன்றுக்கும் உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் என்ற மூன்று பாடங்களிலும் ஒரே அமர்வில் சித்தி பெற்றிருக்க வேண்டும். பௌதிகவியல் இல்லாத ஒருவரின் இசட் புள்ளி எவ்வளவு உயர்ந்திருந்தாலும், அந்தக் கற்கைநெறிகளுக்கு அவருடைய விண்ணப்பம் கவனத்தில் எடுக்கப்படாது. வெட்டுப்புள்ளியை, அதாவது ஒரு கற்கைநெறிக்கு இடம் கிடைக்கத் தேவைப்படும் குறைந்தபட்ச இசட் புள்ளியை, பற்றிய பேச்சு அதற்குப் பின்னர்தான் வரும்.

விவசாய விஞ்ஞானத்தைக் குறைத்துச் சொல்வதற்காக இதை எழுதவில்லை. உயிரியல், இரசாயனவியல் ஆகியவற்றுடன் அதைப் படித்தவர்கள் விவசாய பீடங்களுக்குச் செல்லலாம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரிலேயே இயங்குகிறது. ஆனால் மருத்துவத்தை மனத்தில் வைத்துக்கொண்டு அந்தப் பாடத்தை எடுப்பது, கொழும்புக்குப் போக நினைத்தவர் காங்கேசன்துறைக்குப் போகும் ரயிலில் ஏறி, இடம் கிடைத்துவிட்டது என்று மகிழ்வதைப் போன்றது.

இசட் புள்ளி உயரும் என்ற கணக்கிலும் ஒரு பிழை உண்டு. 2001 முதல் பல்கலைக்கழக அனுமதிக்கு இந்த முறை பின்பற்றப்பட்டு வந்தாலும், வீடுகளில் இன்னமும் வெறும் புள்ளிகளையே எண்ணுகிறோம். ஒரு பாடத்தில் பரீட்சார்த்தி பெற்ற புள்ளியிலிருந்து, அந்தப் பாடத்துக்குத் தோற்றிய அனைவரதும் சராசரியைக் கழித்து, வருவதை அப்பாடத்தின் நியம விலகலால் (புள்ளிகள் சராசரியிலிருந்து எவ்வளவு பரந்திருக்கின்றன என்பதைக் காட்டும் அளவு) வகுத்தால் கிடைப்பதே அந்தப் பாடத்துக்கான இசட் புள்ளி. மூன்று பாடங்களுக்கும் இவ்வாறு பெற்றவற்றின் சராசரியைக் கொண்டுதான் மாணவர்களை வரிசைப்படுத்துகிறார்கள். ஓர் எடுத்துக்காட்டுக்காக, பௌதிகவியலின் சராசரி 40, நியம விலகல் 16 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 60 எடுத்த பிள்ளைக்கு 1.25 கிடைக்கும். வேறொரு பாடத்தின் சராசரி 58, நியம விலகல் அதே 16 என்றால், அதில் 70 எடுத்தாலும் 0.75 தான் கிடைக்கும். எல்லோருக்கும் இலகுவான பாடம் உங்கள் மகளுக்கு மட்டும் தனிப்பட்ட உதவி எதுவும் செய்யாது.

இப்படிப்பட்ட ஆலோசனையை நம்பிய ஒரு மாணவர், சில ஆண்டுகளுக்கு முன்னர் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதிக் கைநூலைக் கையில் எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டு விறாந்தையில் வந்து அமர்ந்தார். மூன்று பாடங்களிலும் ஏ சித்தி. மருத்துவத்துக்கான தகைமைகள் அச்சிடப்பட்ட பக்கத்தில், பௌதிகவியல் என்ற சொல்லுக்குக் கீழே பென்சிலால் இரண்டு தடவை கோடிட்டிருந்தார். "இதை முதலே ஒருவரும் காட்டவில்லை" என்பதைத் தவிர அவர் அதிகம் பேசவில்லை. அந்தக் கைநூல் பெறுபேறு வந்த பின்னர் விண்ணப்பம் நிரப்புவதற்கு மட்டும் உரியது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். உண்மையில் அதை வாசிக்க வேண்டிய காலம் உயர்தர வகுப்பில் சேருவதற்கு முந்திய அந்தச் சில வாரங்களே. தகைமைகள் ஆண்டுதோறும் சிறிது மாறக்கூடும் என்பதால், இறுதியாக வெளிவந்த பதிப்பையே பாருங்கள். சில கற்கைநெறிகள் சாதாரண தரத்தில் கணிதத்திலோ ஆங்கிலத்திலோ திறமைச் சித்தியையும் கேட்கின்றன. அதையும் அப்போதே பார்த்துக்கொள்ளலாம்.

மகளுக்குப் பௌதிகவியல் கடினம் என்றால், எந்த இடத்தில் கடினம் என்று முதலில் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் கணிதத்தில் உள்ள தயக்கமே பௌதிகவியலில் பயமாக வெளிப்படுவதை நான் வகுப்பறையில் கண்டிருக்கிறேன். அதைச் சரிசெய்ய இரண்டு ஆண்டுகள் போதுமானவை.

கேள்வி: இரசாயனவியலை விட்டு, இணைந்த கணிதம், பௌதிகவியல், தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் ஆகிய பாடங்களைப் படிக்கிறேன். பொறியியல் பீடத்துக்குச் செல்ல முடியுமா? அந்தக் காலத்தில் கணிதம் படித்த எல்லோரும் விண்ணப்பித்தார்கள் என்று அப்பா சொல்கிறார்.
— உயர்தர மாணவர், கொடிகாமம்

பதில்: முடியாது. பொறியியலுக்கு இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் மூன்றும் வேண்டும். உங்கள் அப்பா சொல்வது அவர் காலத்துக்குச் சரியாக இருக்கலாம். தூய கணிதம், பிரயோக கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் என்று நான்கு பாடங்கள் எடுத்து மொத்தப் புள்ளியைக் கூட்டிப் பார்த்த தலைமுறை அது. அப்போது கணிதப் பிரிவு என்றாலே இரசாயனவியலும் கூடவே வந்துவிட்டது. இன்று மூன்றாவது பாடத்தை நீங்களே தெரிவு செய்வதால், அந்தத் தெரிவுக்கு முன்னெப்போதும் இல்லாத கனம் வந்திருக்கிறது.

உங்களுடைய பாடச் சேர்க்கையை வைத்துக் கணினி விஞ்ஞானம், பௌதிக விஞ்ஞானம் போன்ற கற்கைநெறிகளுக்கு விண்ணப்பிக்கலாம். உங்கள் விருப்பம் கணினியில்தான் என்றால் நீங்கள் இழப்பது அதிகம் இல்லை. பாலமும் கட்டடமும் கட்டுவதே ஆசை என்றால், பன்னிரண்டாம் தரத்தின் தொடக்கத்திலேயே அதிபரைச் சந்தித்துப் பாடத்தை மாற்றுவது நல்லது. பாதி ஆண்டு கடந்துவிட்டால் விட்ட பாடத்தை எட்டிப் பிடிப்பது கடினம்.

இதனோடு வேறொரு குழப்பமும் அடிக்கடி வருகிறது. 2013 இல் தொடங்கப்பட்ட தொழில்நுட்பப் பிரிவில் படிப்பவர்களுக்குக் கிடைப்பது பொறியியல் தொழில்நுட்பவியல் பட்டம். அது பொறியியல் பட்டம் அன்று. இரண்டுக்கும் பெயர் நெருக்கம் உண்டு என்பதற்காக ஒன்றைச் சொல்லி மற்றதில் பிள்ளையைச் சேர்ப்பது நியாயமல்ல.

கேள்வி: முதல் முறை இரண்டு பாடங்களில் பி, ஒன்றில் சித்தியில்லை. அடுத்த முறை அந்த ஒரு பாடத்துக்கு மட்டும் தோற்றினால் போதுமா?
— வாசகி, பருத்தித்துறை

பதில்: பல்கலைக்கழக அனுமதிக்குப் போதாது. மூன்று பாடங்களிலும் குறைந்தது சாதாரண சித்தியை ஒரே அமர்வில் பெற வேண்டும் என்பதால், மூன்றுக்கும் மீண்டும் தோற்றுங்கள். இந்த மூன்று பாடங்களுக்கும் மேலதிகமாக உயர்தரத்தில் எழுதும் பொதுச் சாதாரணப் பரீட்சையில் 30 புள்ளிகளும் தேவை. உங்களுக்கு மொத்தம் மூன்று வாய்ப்புகள் உள்ளன, ஒன்றைத்தான் பயன்படுத்தியிருக்கிறீர்கள்.

கேள்வி: வெட்டுப்புள்ளி குறைந்த மாவட்டப் பாடசாலை ஒன்றில் மகனைச் சேர்த்தால் இடம் கிடைக்கும் என்று உறவினர் சொல்கிறார். செய்யலாமா?
— ஒரு தந்தை, மானிப்பாய்

பதில்: பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகைக்கு ஏற்பவும், மீதி 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. ஆகவே உறவினரின் எண்ணம் எங்கிருந்து வந்தது என்பது புரிகிறது. ஆனால் பரீட்சைக்கு முந்திய ஆண்டுகளில் பிள்ளை எந்தப் பாடசாலையில் எவ்வளவு காலம் படித்தார் என்பதைப் பார்த்தே அவருக்குரிய மாவட்டம் தீர்மானிக்கப்படுகிறது. கடைசி நேரத்தில் பெயரை மட்டும் மாற்றுவதால் பயன் இல்லை. அதோடு, தவறான தகவல் கொடுத்தது தெரியவந்தால் கிடைத்த இடமும் பறிபோகும். மகன் எந்தப் பாடங்களைப் படிக்கிறார் என்பதை நீங்கள் கடிதத்தில் எழுதவே இல்லை. அதை எழுதி அனுப்பினால் அடுத்த இதழில் விரிவாகப் பதில் தருகிறேன்.