எத்தீரியத்தின் அடுத்த மேம்படுத்தல்: புதுச்சேரி, கடலூர் நிரலாளர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

எத்தீரியம் என்ற பிளாக்செயின் வலைப்பின்னலின் அடுத்த மேம்படுத்தலான கிளாம்ஸ்டர்டாமுக்குரிய சோதனைகள் குறித்து ஊர்வாரியாக வந்த கேள்விகளுக்கு, லாஸ்பேட்டையில் நோட் (வலைப்பின்னலை இயக்கும் கணினி) நடத்திவரும் ஒருவர் பதிலளிக்கிறார்.

வில்லியனூர்: மேம்படுத்தலுக்கு முன் என் ஈத்தரை (எத்தீரியத்தின் நாணயம்) வேறு வாலட்டுக்கு மாற்ற வேண்டுமா?

வேண்டாம். மாற்றச் சொல்பவர் எவராயினும் திருடர் என்றே கொள்ளுங்கள்.

முத்தியால்பேட்டை: ஒரு மாற்றம், உண்மையான பணம் புழங்கும் முதன்மை வலைப்பின்னலான மெயின்நெட்டை அடையும் முன் எந்தெந்தக் கட்டங்களைக் கடக்கிறது ஐயா?

முதலில், கிளையண்ட் (நோட்டில் ஓடும் மென்பொருள்) குழுக்கள் தங்கள் நிரல்களை ஒன்றோடொன்று இணைத்துப் பார்க்கும் குறுகிய ஆயுள் கொண்ட டெவ்நெட்டுகள். அவை நிலைபெற்ற பிறகே, எவரும் சேரக்கூடிய சோதனை வலைப்பின்னல்களான பொது டெஸ்ட்நெட்டுகள். முந்தைய மேம்படுத்தலான ஃபுசாகா 2025 அக்டோபர் 1, 14, 28 ஆகிய நாள்களில் முறையே ஹோலெஸ்கி, செபோலியா, ஹூடி ஆகிய டெஸ்ட்நெட்டுகளைக் கடந்து, டிசம்பர் 3 அன்று மெயின்நெட்டுக்கு வந்தது. (ஹூடி என்பது நம் பெங்களூரு ரயில் நிலையத்தின் பெயர்தான்.) மாற்றம் எந்த எப்பாக்கில் (தொடரின் எண்ணிடப்பட்ட காலக்கூறு) நடைமுறைக்கு வரும் என்பது கிளையண்டின் புதிய பதிப்பிலேயே எழுதப்பட்டிருக்கும், அந்த எப்பாக்குக்கு முன் பதிப்பை மாற்றாதவரின் நோட் பழைய விதிகளோடு தனித்து நின்றுவிடும். எத்தீரியத்தை உருவாக்கும் நிரலாளர்களின் கூட்டங்கள் வியாழக்கிழமைகளில், நம் நேரப்படி இரவு ஏழரை மணிக்கு நடக்கின்றன, எவரும் கேட்கலாம்.

மஞ்சக்குப்பம்: ஒரே வேலைக்கு இத்தனை கிளையண்ட் எதற்கு? 2025 பிப்ரவரியில் ஹோலெஸ்கி முடங்கியது, அவை தங்களுக்குள் முரண்பட்டதால்தானே?

முரண்பட்டதால்தான் தவறு வெளியே தெரிந்தது. பிப்ரவரி 24 அன்று, ஃபுசாகாவுக்கு முந்தைய மேம்படுத்தலான பெக்ட்ரா அங்கே நடைமுறைக்கு வந்தபோது, கெத், நெதர்மைண்ட், பெசு ஆகிய மூன்று கிளையண்டுகளிலும் ஹோலெஸ்கியின் டெபாசிட் கான்ட்ராக்ட் (பிணைத்தொகையைப் பெறும் நிரல்) முகவரி சரியாக அமைக்கப்பட்டிருக்கவில்லை. டெபாசிட் ஒன்றைக் கொண்ட பிளாக் (பரிவர்த்தனைகளின் தொகுதி) வந்ததும் அந்த மூன்றும் பிழையான கணக்கை ஏற்றுக்கொண்டன. எரிகான், ரெத் என்ற வேறு இரு கிளையண்டுகள் மறுத்தன. பிணைத்தொகை வைத்து பிளாக்குகளுக்கு வாக்களிக்கும் வேலிடேட்டர்களில் பெரும்பாலானோர் முதல் மூன்றையே நம்பியிருந்ததால் வாக்குகள் தவறான கிளையில் குவிந்தன. சரியான கிளைக்குத் திரும்ப முயன்றவர்களை, முரணான வாக்குக்குப் பிணைத்தொகையில் ஒரு பங்கை வெட்டித் தண்டிக்கும் ஸ்லாஷிங் விதி தடுத்தது. மார்ச் 10 அன்றுதான் ஃபைனாலிட்டி (பிளாக்குகள் இனி மாறாதபடி இறுதியாவது) மீண்டது. அதற்குள் வேலிடேட்டர்கள் வெளியேறும் வரிசை மிக நீண்டுவிட்டதால், மார்ச் 17 அன்று ஹூடியைப் புதிதாகத் தொடங்க வேண்டியதாயிற்று. ஒரே ஒரு கிளையண்ட் இருந்து, அதில் இதே பிழை இருந்திருந்தால், மறுக்க எவரும் இருந்திருக்க மாட்டார்கள்.

நெல்லிக்குப்பம்: புயலில் இரண்டு நாள் மின்சாரம் போனால், வேலிடேட்டராக நான் பிணை வைத்த 32 ஈத்தர் பறிபோகுமா?

போகாது. ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு இக்கேள்வி நம் பக்கத்தில் அடிக்கடி எழுகிறது. நோட் அணைந்திருந்தால் கிடைத்திருக்கக்கூடிய வருவாய்க்கு ஏறக்குறைய நிகரான சிறு தொகைதான் குறையும்; வலைப்பின்னலே ஃபைனாலிட்டியை இழந்திருக்கும் காலத்தில் மட்டும் இழப்பு வேகமெடுக்கும். உண்மையான ஆபத்து, பதற்றத்தில் உங்கள் வேலிடேட்டர் வாக்களிக்கப் பயன்படுத்தும் அதே சாவியைச் சென்னையில் உள்ள உறவினர் வீட்டுக் கணினியில் ஏற்றுவது. இங்கே மின்சாரம் திரும்பியதும் இரண்டும் ஒரே பெயரில் வாக்களிக்கும். அதற்குத் தண்டனை ஸ்லாஷிங்.

மஞ்சக்குப்பம்: மூன்று குழுக்களும் ஒரே தவறைச் செய்தன என்றால் கிளையண்டுகளின் பன்மை காப்பாற்றவில்லை என்றுதானே பொருள்?

இது நியாயமான கேள்வி. தனித்தனியே எழுதப்பட்ட நிரல்கள் நிரல்பிழையிலிருந்து காக்கும். எல்லோரும் ஒருசேரச் சரிபார்க்க மறந்த அமைப்பு மதிப்பிலிருந்து காக்காது. மெயின்நெட்டில் சரியாக இருந்த மதிப்பு டெஸ்ட்நெட்டில் வேறாக இருந்தது, அவ்வளவே. ஒவ்வொரு கிளையண்டும் தனக்கு அமைந்துள்ள விதிகளைக் கேட்டவுடன் வெளியிட்டுக் காட்டும் வசதி ஃபுசாகாவோடு வந்தது. மேம்படுத்தலுக்கு முன்பே மதிப்புகளை ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது. ஆயினும் எண்ணிக்கை முக்கியம் என்பதை நீங்கள் விட்டுவிடுகிறீர்கள்: பிழையுள்ள கிளையண்டை நடத்தும் வேலிடேட்டர்கள் மூன்றில் ஒரு பங்குக்குக் குறைவாக இருந்தால் பிளாக்குகளின் தொடர் தடையின்றி ஓடும், மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டினால் பிழையே இறுதி முடிவாகிவிடும்.

பண்ருட்டி: மேம்படுத்தல் இரவன்று மட்டும் அதே சாவியுடன் ஒரு மாற்றுக் கணினி வைக்கலாமா?

நெல்லிக்குப்பத்துக்கு எழுதியதைப் படியுங்கள். ஓர் இரவுக்கும் கூடாது.

திருப்பாதிரிப்புலியூர்: விலை ஏறுமா?

இன்று இதைக் கேட்கும் மூன்றாமவர் நீங்கள். என் துறை அன்று.

மஞ்சக்குப்பம்: அப்படியானால் நீங்களே கெத்தைக் கைவிடுவீர்களா?

நான் நெதர்மைண்டும், அதனுடன் இணைந்து வாக்களிப்பைக் கவனிக்கும் நிம்பஸ் என்ற கிளையண்டும் நடத்துகிறேன். கெத் நல்ல மென்பொருள். மிகப் பலர் அதையே வைத்திருப்பதுதான் சிக்கல். இத்துடன் இந்த வாதத்தை நிறுத்திக்கொள்வோம், காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.

சிதம்பரம், மாணவி: 32 ஈத்தர் இல்லாமல் நான் சோதனையில் எப்படிப் பங்கேற்பது அண்ணா?

தாராளமாகப் பங்கேற்கலாம் அம்மா. கர்ட்டோசிஸ் என்ற கருவியைக் கொண்டு உங்கள் மடிக்கணினியிலேயே பல கிளையண்டுகள் அடங்கிய சிறு வலைப்பின்னலை எழுப்பலாம். கிளாம்ஸ்டர்டாமின் இரு பெரும் மாற்றங்களில் ஒன்று, பிளாக்கை முன்மொழிவதையும் அதன் உள்ளடக்கத்தைத் தருவதையும் நெறிமுறைக்குள்ளேயே பிரிப்பது. மற்றொன்று, ஒரு பிளாக் தொடும் கணக்குகளின் பட்டியலை அதனுடனேயே இணைப்பது. முதலாவதைச் சோதிக்கும்போது, 12 வினாடி ஸ்லாட்டில் (ஒரு பிளாக்குக்கு ஒதுக்கிய நேரம்) உள்ளடக்கம் தாமதமாக வந்தாலோ வராமலே போனாலோ ஒவ்வொரு கிளையண்டும் என்ன செய்கிறது என்று பாருங்கள். பிழை கண்டால், கிளையண்ட் பதிப்பு, ஸ்லாட் எண், அதற்கு முந்தைய சில பதிவு வரிகள் ஆகியவற்றுடன் அந்தக் குழுவின் கிட்ஹப் பக்கத்தில் தெரிவியுங்கள். "ஓடவில்லை" என்று மட்டும் எழுதினால் எவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பின்னாளில் மெயின்நெட்டுக்கு வந்தாலும், சோதனையில் பயன்படுத்திய சாவியை அங்கே கொண்டுவராதீர்கள்.