பாடத்தைக் கவனிங்க தம்பி, மற்றதெல்லாம் பிறகு

தம்பி, வெளிநாட்டுக்கு வந்து இரண்டு அறையை வாடகைக்கு எடுத்து ஒரு சின்ன இங்கிலீஷ் பள்ளி தொடங்கியிருக்கிறீர்கள். சேர்கிறவர்கள் சில மாதங்களில் நின்றுவிடுகிறார்கள், பாடத்தை எப்படி மேம்படுத்துவது என்று கேட்கிறீர்கள். கூடவே எந்தப் பாடநூல், என்ன விளம்பரம், விசா, வரி என்று ஒரு வரிசை. விசாவும் வரியும் நாட்டுக்கு நாடு மாறும், அங்கேயே ஒரு வக்கீலையும் கணக்காளரையும் பாருங்கள். எனக்குப் பேசத் தோன்றுவது உங்கள் முதல் கேள்வியைப் பற்றித்தான்.

சின்னப் பள்ளியில் முதலாளி, வாத்தியார், கட்டண பாக்கி கேட்பவர், சாயந்திரம் நாற்காலி அடுக்குபவர் எல்லாமே நாம்தான். இதில் முதலில் அடிவாங்குவது பாடம். வகுப்புக்கு ஐந்து நிமிடம் முன்னால் ஒரு பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு உள்ளே போகிற பழக்கம் வந்துவிடும். மாணவருக்கு அது தெரியும், ஆனால் உங்களிடம் சொல்லமாட்டார். வேலை நேரம் மாறிவிட்டது என்று சொல்லிவிட்டு நின்றுவிடுவார்.

இங்கிலீஷ் வாத்தியார்களுக்கான கேம்பிரிட்ஜின் செல்டா என்ற சான்றிதழ்ப் பயிற்சியில் ஆறு மணி நேரம் வகுப்பெடுத்துக் காட்டவேண்டும், பயிற்சியாளர் பின்னால் உட்கார்ந்து குறிப்பெடுப்பார். அனுபவசாலிகளின் வகுப்பையும் ஆறு மணி நேரம் பார்க்கவேண்டும். சான்றிதழ் கைக்கு வந்து சொந்தப் பள்ளியும் வைத்துவிட்டால், அதற்குப் பிறகு நம் வகுப்பை எட்டிப்பார்க்க ஆள் கிடையாது. அதனால் மாணவர்களிடம் சம்மதம் கேட்டு, போனை மேசையில் வைத்து ஒரு வகுப்பைப் பதிவு செய்யுங்கள். இரவில் உட்கார்ந்து கேளுங்கள். நீங்கள் எவ்வளவு நேரம் பேசுகிறீர்கள், அவர்கள் எவ்வளவு நேரம் பேசுகிறார்கள் என்று மட்டும் முதலில் பாருங்கள். காசு கொடுத்தவருக்குப் பேச இடமே இல்லையென்றால் அவர் ஏன் திரும்பி வரவேண்டும்?

அடுத்து, கேள்வி கேட்டபின் எவ்வளவு நேரம் பொறுக்கிறீர்கள் என்று பாருங்கள். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் அறிவியல் வகுப்புகளைப் பதிவு செய்து பார்த்தார். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடி அளவுகூடக் காத்திருப்பதில்லை. மூன்று விநாடி பொறுத்தாலே பதில்கள் நீளமாயின, வாய் திறக்காதவர்களும் பேசினார்கள். வேறொரு மொழியில் யோசித்து இங்கிலீஷில் சொல்லவேண்டியவருக்கு அந்த மூன்று விநாடிகூடப் பத்தாது. பொறுமையாக இருங்கள், அமைதியைக் கண்டு பயப்படாதீர்கள்.

திருத்துவதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. மாணவர் தப்பாகச் சொன்னதை நாமே சரியாகத் திருப்பிச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். லிஸ்டர், ராண்டா என்ற இருவர் கனடாவில் பிரெஞ்சு வழி வகுப்புகளை ஆராய்ந்து 1997-ல் எழுதினார்கள். ஆசிரியர்கள் செய்த திருத்தங்களில் பாதிக்கும் மேல் இந்த வகைதான், மாணவர்கள் மிகக் குறைவாகப் பிடித்துக்கொண்டதும் இதைத்தான். “நேத்து நடந்ததைத்தானே சொல்றீங்க? மறுபடி சொல்லுங்க” என்று அவர் வாயிலிருந்தே வரவழைத்தால் பலன் அதிகம். ஒவ்வொரு வகுப்பிலும் முதல் பத்து நிமிடத்தைப் பழைய பாடத்துக்குக் கொடுங்கள். போன வாரப் பாடமும் வேண்டும், போன மாதப் பாடமும் வேண்டும். செடிக்குத் தண்ணீர் விடுகிற மாதிரிதான், ஒரே நாளில் குடம் குடமாக ஊற்றிப் பயனில்லை.

இப்போது கொஞ்சம் கோபமாகவே ஒன்று சொல்கிறேன். “மூன்றே மாதத்தில் சரளமான இங்கிலீஷ்” என்று போர்டு எழுதுகிறவர்களில் நம்மாட்களும் நிறைய. மொழித்திறனை அளக்க ஐரோப்பிய கவுன்சில் வகுத்த ஏ1 (தொடக்கம்) முதல் சி2 (உச்சம்) வரையிலான ஆறு படிநிலைகளில், இரண்டாம் படியான ஏ2-வுக்கு ஆரம்பத்திலிருந்து மொத்தம் ஏறக்குறைய 180 முதல் 200 மணி நேரம், அடுத்த படியான பி1-க்கு 350 முதல் 400 மணி நேரம் வகுப்பு தேவை என்பது கேம்பிரிட்ஜ் தரும் மதிப்பீடு. வாரம் இரண்டு மணி நேரம் வருபவருக்கு வருஷத்துக்கு நூறு மணி நேரம்தான் கிடைக்கும். ஏ2-விலிருந்து பி1 போக அவருக்கு இரண்டு வருஷம் ஆகலாம். சேரும் நாளிலேயே இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். சிலர் எழுந்து போவார்கள், போகட்டும். தெரிந்து சேர்ந்தவர்கள் நிலைத்து நிற்பார்கள். என் பள்ளி அப்படி நின்றவர்களை வைத்துத்தான் வளர்ந்தது.

நான் வந்த புதிதில் வேறொருவர் பள்ளியில் வேலை பார்த்தேன். விளம்பரத்தில் வெள்ளைக்காரர் படம் இருக்கும், வகுப்பெடுப்பது நான். யாராவது கேட்டால் இங்கிலாந்தில் பிறந்தவன் என்று சொல்லச் சொன்னார் அந்த முதலாளி. நான் சொல்லவில்லை. வாரநாள் மாலை வகுப்புகளைப் பிடுங்கி, யாருக்கும் வேண்டாத விடிகாலை வகுப்புகளைக் கொடுத்தார். வேலைக்குப் போகுமுன் தூக்கக் கண்ணோடு வந்த அந்த மாணவர்களிடம், நானும் இதைப் பள்ளிக்கூடத்தில் தட்டுத்தடுமாறிக் கற்றவன்தான் என்று சொல்லித்தான் தொடங்குவேன். எந்த இடத்தில் நாக்கு குழறும், ‘தி’ (the) என்ற சொல் எங்கே வரும் எங்கே வராது என்று ஏன் குழம்பும் என்பதெல்லாம் பட்டவனுக்குத்தான் தெரியும். பிறந்ததிலிருந்து பேசுகிறவருக்கு அதை யோசித்துப் பார்க்கும் அவசியமே வந்திருக்காது. பிற்பாடு நான் சொந்தமாகத் தொடங்கியபோது அந்த விடிகாலைக் கூட்டம்தான் முதலில் வந்து சேர்ந்தது. அந்த ஊர் மொழியை நானும் ஒரு மாணவனாகப் போய் உட்கார்ந்து கற்றேன். அவர்களுடைய மொழியில் காலம் எப்படி, பன்மை எப்படி என்று தெரிந்தபிறகு அவர்களின் தப்புகள் எங்கிருந்து வருகின்றன என்று எனக்குப் புரிந்தது. நீங்களும் கட்டாயம் கற்றுக்கொள்ளுங்கள். வருஷக்கணக்காக இருந்தும் நன்றி, வணக்கத்துக்கு மேல் தெரியாத நம்மவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

உதவிக்கு வாத்தியார் வைத்தால் பாஸ்போர்ட்டைப் பார்க்காதீர்கள். ஒரு வகுப்பு எடுக்கச் சொல்லி, பின்வரிசையில் உட்கார்ந்து பாருங்கள். உங்கள் வகுப்பில் அவரும் வந்து உட்காரட்டும். பாடநூல் எதுவானாலும் சரி, உங்கள் மாணவரின் நிலைக்கு ஒத்துவந்தால் போதும். விளம்பரத்தை இந்த வருஷம் விட்டுவிடுங்கள். இருக்கிற மாணவர்களை அடுத்த வருஷமும் வரவைக்கிற வேலையே உங்களுக்குப் போதுமானது.