சட்பரி விடுதியின் நான்கு தலைமுறை – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

உங்கள் அமெரிக்கப் பயணக் கட்டுரையில் மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சட்பரி என்ற ஊரின் பழைய விடுதியைப் பற்றி ஒரே ஒரு பத்தி வந்தது. அதை நடத்தியவர்களை 'ஊரின் பெரிய மனிதர்கள்' என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அது உறுத்தியது. நான் ஒரத்தநாட்டுக்காரன். சரபோஜி மன்னர் கட்டிய சத்திரத்தைப் பார்த்து வளர்ந்தவன். அந்தக் காலத்தில் அங்கே வழிப்போக்கருக்குச் சோறு இலவசம். காசு வாங்கிக்கொண்டு மது ஊற்றியவர் எப்படிப் பெரிய மனிதர் ஆவார்? தவிர, அந்த வீடு 1955இல் எரிந்துபோனதாகவும் படித்தேன். அப்படியானால் நீங்கள் பார்த்துவிட்டு வந்தது எதை?

அன்புடன்,
ஒரு வாசகர், ஒரத்தநாடு

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டும் நியாயமான கேள்விகள். அந்த விடுதியை ஒரு பத்தியில் அடக்கியிருக்கக் கூடாது.

உங்கள் ஊர்ச் சத்திரத்துக்கு அரசர் மானியம் விட்டார். அந்த வருமானத்தில் அடுப்பு எரிந்தது. சட்பரியில் மானியம் விட யாரும் இல்லை. ஆனால் சாலை இருந்தது. பாஸ்டனிலிருந்து வூஸ்டர் வழியாக நியூயார்க் போகும் தபால் சாலை அந்த வீட்டு வாசலை ஒட்டித்தான் போனது. பனி கொட்டும் இரவில் குதிரையோடு வந்து நிற்பவனுக்கு நெருப்பும் படுக்கையும் கிடைக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. விடுதி வைக்காத ஊருக்கு அபராதம் விதிக்கலாம் என்று 1656இல் மாசசூசெட்ஸ் சட்டமன்றம் விதி செய்திருந்தது. நினைத்தவரெல்லாம் விடுதி நடத்திவிடவும் முடியாது, உரிமம் வேண்டும். இத்தகைய விடுதியை ஆங்கிலத்தில் குறிக்கும் 'டாவர்ன்' என்ற சொல்லைச் சாராயக்கடை என்று மட்டும் புரிந்துகொண்டால் பாதிக்கு மேல் விட்டுப்போகிறது. மனிதனுக்குச் சோறு, குதிரைக்குத் தீனி, இரவுக்குக் கூரை, குளிருக்கு மது எல்லாம் சேர்ந்ததுதான் அது.

டேவிட் ஹவ் 1716இல் அந்தத் தொழிலைத் தொடங்கினார். கீழே ஓர் அறை, மேலே ஓர் அறை, அவ்வளவுதான் முதலில் வீடு. அவருக்குப் பின் மகன் எசேக்கியேல். அவர் காலத்தில் வாசலில் சிவப்புக் குதிரைப் பலகை தொங்கியது. அமெரிக்க விடுதலைப் போர் தொடங்கிய 1775 ஏப்ரல் 19 அன்று, பிரிட்டிஷ் படை பக்கத்து ஊரான கான்கார்டுக்குப் புறப்பட்ட செய்தி வந்ததும், சட்பரி ஆட்களைத் திரட்டி நடத்திச் சென்றவர்களில் இந்த விடுதிக்காரரும் ஒருவர். ஊர் அவரை நம்பிப் பின்னால் போனது. பெரிய மனிதர் என்று நான் எழுதியது இதை மனத்தில் வைத்துத்தான். அடுத்து ஆடம், அவருக்குப் பின் லைமன். அப்பன், மகன், பேரன், கொள்ளுப்பேரன் என்று 145 ஆண்டுகள் ஒரே குடும்பம் ஒரே வாசலில் நின்று வந்தவரை வரவேற்றிருக்கிறது.

மதுக்கூடத்தை நான் நிதானமாகப் பார்த்தேன். தாழ்ந்த கூரை, கருத்துப்போன உத்தரங்கள். ஒரு மூலையில் மது வைக்கும் சிறிய அடைப்பு. அதற்கு மேலே மரச்சட்டங்களாலான ஓர் அழி. விற்பனை முடிந்ததும் அதைக் கீழே இறக்கி மூடிவிடுவார்கள். நேரம் ஆயிற்று என்று விடுதிக்காரர் வாயால் சொல்லவே வேண்டியதில்லை. அந்தக் காலத்து விடுதிகளில் பீரில் ரம்மும் சர்க்கரைப்பாகும் கலந்து, பழுக்கக் காய்ச்சிய இரும்புக்கோலை அதற்குள் விடுவார்கள். நுரைத்துக்கொண்டு பொங்கும். குளிரில் வந்தவனுக்கு அதுதான் சுக்குக் கஷாயம்.

1774 ஜூனில் வந்த மாலினோ என்ற விருந்தாளி ஜன்னல் கண்ணாடியில் நாலு வரிப் பாட்டு ஒன்றைக் கீறிவிட்டுப் போனார். இங்கே நல்ல மது கிடைக்கும், அவசரம் இல்லையென்றால் நின்று சுவைத்துப் பாருங்கள் என்பது அதன் பொருள். கீழே பெயரும் தேதியும். கண்ணாடியில் கீறியதற்காக விருந்தாளியைக் கடிந்துகொள்ளாமல், அதை மாற்றாமலும் வைத்திருந்த குடும்பத்தை எனக்குப் பிடித்திருக்கிறது.

நால்வரில் என் மனத்தைவிட்டு அகலாதவர் லைமன். 1835இல் பாஸ்டன்–வூஸ்டர் ரயில் பாதை திறந்தது. அது சட்பரியைத் தொடாமல் தெற்கே ஃப்ரேமிங்ஹாம் வழியாகப் போனது. சாலையில் பயணிகளை ஏற்றி வந்த குதிரைக் கோச்சு வண்டிகள் குறைந்தன. லைமன் மணம் செய்துகொள்ளவில்லை. ஊரில் நியாயம் சொல்லும் பொறுப்பு அவரிடம் இருந்தது. 'ஸ்கொயர்' என்று மரியாதையாக அழைத்தார்கள். ஆள் வராத சாலையைப் பார்த்தபடியே விடுதியைத் திறந்து வைத்திருந்தார். 1861இல் இறந்தார். வீட்டுச் சாமான்கள் ஏலத்தில் போயின.

மறு ஆண்டு இலையுதிர் காலத்தில்தான் கவிஞர் லாங்ஃபெல்லோ அங்கே வந்தார். அவர் முந்தைய ஆண்டுதான் மனைவியைத் தீ விபத்தில் பறிகொடுத்திருந்தார். 1863இல் வந்த அவருடைய கதைக்கவிதை நூலில், இந்த விடுதியின் கணப்பைச் சுற்றி நண்பர்கள் கதை சொல்கிறார்கள். முதல் கதையைச் சொல்பவர் விடுதிக்காரர், அவர் லைமனேதான். ஹவ் விடுதி, சிவப்புக் குதிரை என்றெல்லாம் அழைக்கப்பட்ட வீட்டுக்கு 'வழியோர விடுதி' என்ற பெயர் வந்தது அந்த நூலால். இறந்தவரை மறுபடி தன் வாசலில் நிறுத்திய கவிதை அது என்றுதான் நான் அதைப் படிக்கிறேன்.

பிறகு 1897இல் எட்வர்ட் லெமன் என்ற கம்பளி வணிகர் வாங்கி மீண்டும் விடுதியாக்கினார். 1923இல் கார் தயாரிப்பாளர் ஹென்றி ஃபோர்டு வாங்கினார். சுற்றிலும் நிலம் சேர்த்தார், மாவு ஆலையும் தேவாலயமும் கட்டினார். வாகனங்களின் அதிர்வு வீட்டைக் குலுக்குகிறது என்று நெடுஞ்சாலையையே தன் செலவில் வீட்டைவிட்டுத் தள்ளி அமைத்தார். வீட்டைக் காத்தவர் என்ற நன்றி எனக்கு உண்டு. ஆனால் வாசலிலிருந்து சாலையை எடுத்தது ஹவ் குடும்பத்தார் செய்யக்கூடிய காரியம் அல்ல.

1955 டிசம்பர் தீயில் பெரும்பகுதி போனது உண்மை. முன்பகுதியில் கொஞ்சம் தப்பியது. ஃபோர்டு அறக்கட்டளையின் உதவியோடு திருப்பிக் கட்டி 1958இல் திறந்தார்கள். நான் பார்த்தது எதை என்கிறீர்கள். மழை பெய்துகொண்டிருந்த அந்த மாலையில் ஈரக்குடையோடு ஒரு முதிய தம்பதியர் உள்ளே வந்தார்கள். முன்கூடத்தில் இருந்த பெண் எழுந்து வந்து பெட்டியை வாங்கிக்கொண்டு, முதலில் கணப்பருகே உட்காருங்கள், பதிவேடு பிறகு என்றார். மரம் புதிதாக இருக்கலாம்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஒரத்தநாட்டுச் சத்திரத்தைக் கட்டியவர் பெயரைச் சொல்கிறோம். அங்கே உலை வைத்தவர், இலை போட்டவர், நள்ளிரவில் வந்தவருக்குக் கதவு திறந்தவர் யார்? உங்கள் ஊர்ப் பெரியவர்கள் யாருக்காவது தாத்தா சொன்னது நினைவிருந்தால், கேட்டு எழுதுங்கள். அரைகுறையாக இருந்தாலும் பரவாயில்லை.

அன்புடன்