டூ ஸ்ட்ரோக் குவாட் பைக்கின் ஹெட்டை எவ்வளவு சீவலாம்?

கேள்வி கேட்டவர் யமஹா பிளாஸ்டர் என்ற நாலு சக்கர குவாட் பைக் வைத்திருக்கிறார். ஹெட்டின் (சிலிண்டரின் மேல்மூடி) அடிமுகத்தை மில்லிங் போட்டு கம்ப்ரஷன் (கலவையை நசுக்கும் அளவு) ஏற்றினால் மணல்மேட்டில் இழுவை கூடுமா, எத்தனை மி.மீ. சீவலாம் என்பது கேள்வி.

கூடும். எத்தனை மி.மீ. என்பதை மட்டும் நான் சொல்ல மாட்டேன், வேறு யார் சொன்னாலும் கேட்காதீர்கள். உங்கள் எஞ்சினுக்குள் விட்டு எடுத்த ஈயக் கம்பிதான் அதைச் சொல்ல வேண்டும். ஒரு பிஸ்டனையும், அது ஓடும் சிலிண்டரான பேரல் ஒன்றையும் பலி கொடுத்துவிட்டுத்தான் எனக்கே இது புரிந்தது.

கோவையில் லேத்துப் பட்டறையில் இருந்த காலத்தில் ஆர்எக்ஸ் 100 ஹெட் எத்தனையோ சீவியிருக்கிறேன். அந்தத் தைரியத்தோடு ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் ஒரு குவாட் பட்டறையில் சேர்ந்தேன். வந்த புதிதில் ஒரு பிளாஸ்டர் வந்தது. "எல்லாரும் 0.8 போடுறாங்க" என்று கூட வேலை பார்த்தவர் சொன்னார், நானும் 0.8 சீவிவிட்டேன். அளந்து பார்க்கவில்லை. அந்த வண்டிக்கு முன்பே எங்கோ பேரல் அடி கேஸ்கெட்டை எடுத்துவிட்டு வெறும் பசை வைத்துப் பூட்டியதில் பேரல் ஏற்கெனவே கீழே இறங்கியிருந்தது எனக்குத் தெரியாது. ஐடிலில் ஒரு சத்தமும் இல்லை. ஷார்ஜாவின் அல் பதாயர் பாலைவன மணலில் முழு திராட்டிலில் ஏறும்போது டிக் டிக் என்று சன்னமாக ஒரு இரும்புச் சத்தம். பிரித்தபோது பிஸ்டன் தலையின் ஓரத்தில் நாணயத்தைத் தேய்த்தாற்போல் ஒரு பளபளப்பு வளையம். ஓரம் அமுங்கி மேல் ரிங்கைக் கவ்விக்கொண்டு, பேரலில் கோடு விழுந்திருந்தது. வேகம் கூடும்போது பிஸ்டன் கையால் சுற்றும்போது நிற்கிற இடத்தைவிடக் கொஞ்சம் மேலே போய்த் திரும்பும். கனெக்டிங் ராடு கொஞ்சம் நீளும், பேரிங்கில் இருக்கிற ஆட்டமும் சேரும். அந்த இடைவெளியைத்தான் நான் சீவித் தள்ளியிருந்தேன்.

சரி, கம்பி விஷயத்துக்கு வருவோம். ஈயக் கம்பி என்று சொன்னேனே, அந்த 2 மி.மீ. சால்டர் கம்பியை வளைத்து, பிளக் துளை வழியாக விட்டு, நுனி பேரல் சுவரைத் தொடுமாறு வையுங்கள். பிஸ்டன் பின் இருக்கிற திசையிலேயே வைக்க வேண்டும். முன்னும் பின்னுமாக வைத்தால் பிஸ்டன் சாய்ந்து பொய் அளவு வரும். ஃப்ளைவீலைக் கையால் சுற்றி ஒரு தடவை மேலே கொண்டுபோய்த் தாண்டுங்கள். நசுங்கிய நுனியை வெர்னியரில் பிடியுங்கள். இடது, வலது இரண்டு பக்கமும் பாருங்கள். பிஸ்டன் ஓரத்துக்கும் ஹெட்டுக்கும் நடுவே உள்ள ஸ்குவிஷ் இடைவெளி அதுதான். இந்த அளவு எஞ்சினுக்கு 1.1, 1.2 மி.மீ.யில் நிறுத்துவது என் பழக்கம், ஒன்றுக்குக் கீழே போக மாட்டேன். கம்பி 1.7 காட்டினால் அரை மி.மீ. சீவ இடமிருக்கிறது. 1.2 காட்டினால் ஹெட்டைத் தொடாதீர்கள், முன்னமே யாரோ வேலை பார்த்திருக்கிறார்கள்.

ஸ்குவிஷ் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், பிஸ்டன் மேலே வரும்போது ஓரத்தில் இருக்கிற கலவை நசுங்கி நடுவில் பிளக் பக்கம் பீய்ச்சிக்கொண்டு போகிறது. தீ வேகமாகப் பரவும். ஓரத்தில் மிஞ்சுகிற மெல்லிய படலம் இரண்டு பக்க உலோகத்தாலும் குளிர்ந்துவிடுவதால் தானாக வெடிக்காது. இடைவெளி இரண்டு மி.மீ. இருந்தால் இது எதுவும் ஒழுங்காக நடக்காது. ஹெட் சீவியதும் வண்டி திடீரென்று உயிர் வந்தாற்போல இழுப்பதற்குக் கம்ப்ரஷனைவிட இது பெரிய காரணம் என்பது என் கருத்து.

கணக்கும் போட்டுவிடலாம். பிளாஸ்டர் போர் 66, ஸ்ட்ரோக் 57 மி.மீ., 195 சிசி. இந்தப் போருக்கு சீவுகிற ஒவ்வொரு 0.1 மி.மீ.க்கும் பிஸ்டனுக்கு மேலே உள்ள இடம் அதிகபட்சம் 0.34 சிசி குறையும். ஆர்எக்ஸ் 100 போர் 50 தான், அதில் 0.2 சிசிகூட முழுதாக வராது. ஊர்ப் பழக்கத்தில் கை வைத்தால் இங்கே அடி வாங்குவது இதனால்தான். மேலே பிஸ்டன் நிற்கும்போது 20 சிசி இடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முழு ஸ்ட்ரோக் கணக்கில் கம்ப்ரஷன் விகிதம் 10.75. அரை மி.மீ. சீவினால் 18.3 சிசி, விகிதம் 11.7 ஆகிவிடும். கம்பெனி புத்தகத்தில் 6.6 என்று போட்டிருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். எக்ஸாஸ்ட் போர்ட் மூடிய பிறகு மிஞ்சும் ஸ்ட்ரோக்கை மட்டும் வைத்து ஜப்பான்காரர்கள் போடும் கணக்கு அது.

மட்டமாகச் சீவியதோடு வேலை முடியாது. பிஸ்டன் தலை லேசாகக் குமிழ்ந்திருக்கும், ஹெட்டில் ஓர வளையம் அதற்கேற்ற சாய்வில் இருக்கும். முகத்தைச் சீவும்போது அந்தச் சாய்வின் வெளி ஓரம் தட்டையாகிப் போகும். லேத்தில் பிடித்துச் சாய்வைத் திரும்ப வெட்ட வேண்டும். பிளக் துளை நேராக நடுவில் இருந்தால் 14 மி.மீ., 1.25 பிட்ச் மரை போட்ட ஒரு மாண்ட்ரல் (லேத்தில் பிடிக்கும் தண்டு) செய்து, ஹெட்டை அதில் முடுக்கிப் பிடிக்கலாம். டயல் கேஜ் வைத்து ஆட்டம் பார்த்துவிட்டுத்தான் டூல் வைக்க வேண்டும். கடைசியில் கண்ணாடிப் பலகைமேல் 400 எமரி தாளை ஒட்டி எட்டு வடிவில் தேய்த்தால் முகம் மட்டமாக வந்துவிடும். ஹெட்டுக்குப் பதில் பேரல் அடியைச் சீவலாமா என்று சிலர் கேட்பார்கள். அப்போது போர்ட் எல்லாம் கீழே இறங்கிவிடும், டைமிங் மாறும். அது வேறு வேலை.

பெட்ரோல். எவ்வளவு சீவலாம் என்பது இதையும் பொறுத்தது, அமெரிக்காக்காரர்கள் சொல்லும் அளவை அப்படியே எடுக்காதீர்கள். கொலராடோ மலைப்பக்கம் 1,500 மீட்டருக்கு மேலே ஓட்டுகிறவருக்குக் காற்றழுத்தம் ஆறில் ஒரு பங்கு குறைவு, அவர் தாராளமாகச் சீவலாம். அமீரகத்து மணல் கடல் மட்டத்தை ஒட்டியது. சூடோ கேட்கவே வேண்டாம். பிளாஸ்டர் ஏர் கூல்டு (காற்றில் மட்டுமே குளிர்வது) வேறு. மேடு ஏறும்போது எஞ்சினுக்குப் பளு முழுசு, எஞ்சின் மேலிருக்கும் குளிர்விக்கும் ரெக்கையில் படும் காற்று கொஞ்சம். அதனால் கம்ப்ரஷன் கேஜில் 150 பிஎஸ்ஐ தாண்ட விட மாட்டேன், அதுவும் சூப்பர் 98 (98 ஆக்டேன் பெட்ரோல்) ஊற்றுகிறவருக்கு மட்டும். பிளக் ஒரு நம்பர் குளிர்ந்ததாக மாற்றுங்கள். என்ஜிகே என்றால் 8லிருந்து 9. கார்புரேட்டரில் பெட்ரோல் விடும் மெயின் ஜெட்டைக் குறைக்காதீர்கள். இன்னொன்று, அடி இழுவையும் நடு இழுவையும் கூடும், உச்சத்தில் கொஞ்சம் சீக்கிரமே மூச்சு நின்றுபோகும். மணலில் அதனால் நஷ்டமில்லை.

பூட்டிய பிறகு திரும்பவும் கம்பி விட்டு அளந்துவிடுங்கள். முதல் நாள் மாலை வெயில் தாழ்ந்து ஓட்டுங்கள். பாதியில் நிறுத்தி பிளக்கைக் கழற்றி, வெள்ளைப் பீங்கானை மொபைல் டார்ச்சில் பாருங்கள். மிளகுத்தூள் தூவினாற்போல் கரும்புள்ளியோ மினுக்கும் அலுமினியப் பொடியோ ஒட்டியிருந்தால் உள்ளே நாக்கிங் (கலவை தானாக வெடிப்பது) ஆரம்பித்துவிட்டது. திரும்ப ஓட்டிக்கொண்டு வராதீர்கள், பிக்கப் வண்டியில் ஏற்றி வாருங்கள்.