வெளுத்த படத்துக்கு வண்ணம் பூசுவதற்கு முன்

கேள்வி: நான் செல்போனில் எடுக்கும் படங்கள் எல்லாமே பால் கலந்ததுபோல் வெளுத்துத் தெரிகின்றன. நிற அடர்த்தியை மாற்றும் சாச்சுரேஷனைக் கூட்டினால் முகம் ஆரஞ்சுப் பழமாகிவிடுகிறது. 100 பிரிசெட் (ஒரே தட்டில் படத்தை மாற்றும் ஆயத்த அமைப்பு) அடங்கிய தொகுப்பு ஒன்று இணையத்தில் விற்பனைக்கு இருக்கிறது. வாங்கினால் சரியாகுமா?

வாங்காதீர்கள். உங்கள் படத்தில் குறைவது நிறமே இல்லை, கறுப்பு.

ஜேபெக் என்பது படங்களைச் சேமிக்கும் ஒரு கோப்பு வகை. ஒரு சாதாரண ஜேபெக் படத்தில் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 255 வரை படிகள் உண்டு. மூன்றும் 0 ஆனால் முழுக் கறுப்பு, மூன்றும் 255 ஆனால் முழு வெள்ளை. எடிட்டிங் செயலியில் ஹிஸ்டோகிராம் என்று மலைபோல ஒரு வரைபடம் வரும், அதைத் திறந்து பாருங்கள். அதன் இடது பக்கம் இருட்டு, வலது பக்கம் வெளிச்சம். வெளுத்த படமென்றால் மலை நடுவில் குந்தியிருக்கும். இடது ஓரமும் வலது ஓரமும் காலியாகக் கிடக்கும். கறுத்த தலைமுடிகூட அங்கே அடர் சாம்பல்தான். அதைத்தான் நம் கண் 'கலர் பத்தலை' என்று தப்பாகப் படித்துக்கொள்கிறது.

ஆகவே முதல் வேலை பிளாக்ஸ் அல்லது பிளாக் பாயின்ட் என்றிருக்கும் ஸ்லைடர். மலையின் இடது அடிவாரம் ஓரத்தைத் தொடும்வரை மெதுவாக நகர்த்துங்கள். அப்புறம் வொயிட்ஸ் ஸ்லைடர், வலது ஓரத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே நிறுத்திவிடுங்கள். அங்கே முட்டி வெள்ளையாகிப்போன வானத்தில் மேகத்தை யாராலும் திரும்ப வரவழைக்க முடியாது. இந்த இரண்டும் முடிந்ததும் பாருங்கள், நிறத்தைத் தொடாமலே நிறம் ஏறியிருக்கும். பெரும்பாலான செயலிகளில் கான்ட்ராஸ்ட், அதாவது இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் உள்ள வேறுபாடு, கூடினால் நிறமும் கூடவே அடர்த்தியாகும்.

சரி, முகம் ஏன் ஆரஞ்சாகிறது? மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் எடுத்திருப்பீர்கள். படத்தில் ஏற்கெனவே மஞ்சள் ஏறியிருக்கிறது, சாச்சுரேஷன் அதையும் சேர்த்துத்தான் பெருக்கும். வெளிச்சத்தின் நிறச் சாய்வைச் சரிசெய்யும் வைட் பேலன்ஸில் ஒரு சொட்டுக்குழாய் படம் இருக்கும். அதை எடுத்து வெள்ளைச் சட்டைக் காலரின் நிழல் பக்கத்தில் ஒரு தட்டு. வெளிச்சம் பளீரென்று விழும் பக்கம் வேண்டாம், அங்கே கணக்குப் பிசகும். அதற்குப் பிறகும் போதவில்லை என்றால் வைப்ரன்ஸைக் கொஞ்சம் கூட்டுங்கள். அது சோர்ந்த நிறங்களைத் தூக்கிவிடும், தோல் நிறத்தை அவ்வளவாகச் சீண்டாது.

இப்போது அந்த 100 பிரிசெட். பிரிசெட் என்பது யாரோ தன் படத்துக்காக நகர்த்திய ஸ்லைடர்களின் எண்கள், வேறொன்றும் இல்லை. உங்கள் படம் இருட்டா வெளிச்சமா என்று அதற்குத் தெரியாது. தெரிந்தவர் ஒருவர் வாங்கிய தொகுப்பைப் பிரித்துப் பார்த்தேன்; பாதிக்கு மேல் ஒரே அமைப்புதான், பெயர் மட்டும் வேறு வேறு. விளம்பரத்தில் 'முன்' என்று காட்டும் படத்தை வேண்டுமென்றே மங்கலாக்கி வைப்பவர்களும் உண்டு. காசு கொடுத்து அடுத்தவர் மூக்குக்கண்ணாடியை வாங்கிப் போடாதீர்கள்.

ஒரு இடத்தில் மட்டும் மேலே சொன்னதை மறந்துவிட வேண்டும்: மூடுபனி. பனியில் எடுத்த படத்தில் கறுப்பு இருக்காது, இருக்கவும் கூடாது. ஹிஸ்டோகிராம் மலை நடுவில் குந்தியிருப்பதுதான் அங்கே நியாயம். பிளாக்ஸை இழுத்தால் பனி புகையாகும், மரம் கரிக்கட்டையாகும். தானாகத் திருத்தும் 'ஆட்டோ' பொத்தான் இந்தத் தவறைப் பல நேரம் செய்யும், ஏனென்றால் ஓரம் காலியாக இருந்தால் நிரப்பு என்பதுதான் பெரும்பாலும் அதற்குத் தெரிந்த பாடம். பனிப் படத்தில் அருகிலிருக்கும் ஒரு கிளையை மட்டும் தேர்ந்தெடுத்து, அதை மட்டும் லேசாக அடர்த்தியாக்குங்கள். தூரத்து மரங்களைத் தொடவே தொடாதீர்கள். கறுப்பு கிடைக்கவில்லையே என்று மனம் அரிக்கும், அரிக்கட்டும்.

இவ்வளவு செய்தும் அடுத்தவர் போனில் வேறு மாதிரி தெரிகிறது என்பீர்கள். தெரியும்தான். எஸ்ஆர்ஜிபி என்று ஒரு பொது நிற அளவுகோல் 1990களிலிருந்தே இருக்கிறது. ஆனால் பல போன்கள் பெட்டியிலிருந்து வரும்போதே நிறத்தைத் தூக்கிக் காட்டும் 'விவிட்' முறையில் வருகின்றன, கடையில் கண்ணைப் பறிக்க வேண்டுமே! திருத்தும்போது திரையை 'நேச்சுரல்' முறைக்கு மாற்றுங்கள். இரவில் திரையை மஞ்சளாக்கும் நீல ஒளி வடிகட்டியை அணையுங்கள். அது ஓடிக்கொண்டிருக்கும்போது திருத்திய படம் காலையில் நீலம் பாரித்துக் கிடக்கும். மெசேஜ் செயலி வழியாகச் சுருங்கி வந்த பிரதியில் வேலை செய்யாமல், கேமராவில் பதிவான மூலக் கோப்பையே எடுத்துத் திருத்துங்கள்.